ஆறு வருடப் படிப்பும் பதினொரு நொடிக் குரலும்

ஆஃப்ரின் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய உம்மா ஆஸியா பீவி ஆளுக்கு ஏற்ற மாதிரி பதில் சொல்வார். கல்யாண வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். நிலத் தகராறில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர் கேட்டால் வக்கீலுக்கு. ஆரம்பத்தில் இரண்டும் சேர்ந்த படிப்பு, ஆறு வருடம் என்று விளக்கிப் பார்த்தார். டாக்டர் படிப்பே அஞ்சரை வருஷம்தானே என்று எதிர்க்கேள்வி வந்தது. அதன்பிறகு விளக்குவதை விட்டுவிட்டார்.

வீடு திருமலைராயன்பட்டினத்தில், பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தெருவில். வாப்பா சேக் அலாவுதீன் இருபது வருடமாக வெளிநாட்டில், தம்மாமில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறார். இந்தப் படிப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான். 2020இல் ஆஃப்ரின் பிளஸ் டூ முடித்தபோது, கடையில் கூட வேலை பார்த்த மலையாளி ஒருவர், தன் அண்ணன் மகன் பி.டெக்கும் எல்எல்பியும் சேர்த்துப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இனிமேல் எல்லாத் தகராறும் கம்ப்யூட்டருக்குள்தான் நடக்கும், அதன் உள்விஷயம் தெரிந்த வக்கீலுக்குத்தான் மதிப்பு என்றாராம். வாப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆஃப்ரினுக்கும் பிடித்தது. அவளுக்குக் கணக்கும் வரும், பேச்சும் வரும். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று யாரும் சொல்லாததே பதினேழு வயதில் பெரிய சந்தோஷமாக இருந்தது.

முதல் வருடம் கொரோனாவில் போயிற்று. மாடி அறையில் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டு, விட்டுவிட்டு வரும் நெட்டில் கால்குலஸும் ஒப்பந்தச் சட்டமும் கேட்டாள். இரண்டாம் வருடம் சென்னைக்கு அந்தப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தின் ஹாஸ்டலுக்குப் போனபோதுதான் இரண்டு படிப்பு என்றால் என்னவென்று தெரிந்தது. காலையில் ஒரு கட்டடம், மதியம் இன்னொரு கட்டடம். நடுவில் வெயிலில் முக்கால் கிலோமீட்டர் நடை. கம்ப்யூட்டர் துறையில் அவர்களை லா பிள்ளைகள் என்பார்கள். லா துறையில் பி.டெக் பிள்ளைகள் என்பார்கள். இரண்டு துறையும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் ஒரே நாளில் தேர்வு வைக்கும். யாரிடம் போய் முறையிடுவது என்பதே ஒரு வேலையாக இருந்தது. சேர்ந்தபோது நாற்பத்தோரு பேர். நான்காம் வருடம் எண்ணிப் பார்த்தபோது பதினெட்டுப் பேர். மற்றவர்கள் நேர் பி.டெக்குக்கு மாறிக்கொண்டார்கள், சிலர் வீட்டுக்கே போய்விட்டார்கள். ஆஃப்ரின் மாறவில்லை. பிடிவாதம் என்று சொல்ல முடியாது. மாறுவதற்கு எழுத வேண்டிய மனுக்களை நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

மூன்றாம் வருடம் முழுக்க அவள் குற்றவியல் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடம் செய்தாள். மோசடிக்கு நானூற்று இருபது, கொலைக்கு முந்நூற்று இரண்டு. துணி துவைக்கும்போதுகூட வாய்க்குள் எண்கள் ஓடும். 2024 ஜூலை ஒன்றாம் தேதி அத்தனை எண்களும் மாறின. நானூற்று இருபது முந்நூற்றுப் பதினெட்டானது. சாட்சியச் சட்டம் புதிதாக வந்தது. முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அதே வாரம் கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியர் ஒருவர், நீங்கள் இரண்டு வருடம் கஷ்டப்பட்டு எழுதப் பழகியதை இப்போது ஏஐ இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுகிறது என்று வகுப்பில் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆஃப்ரினுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. கையில் இருந்த பேனாவை மூடி பையில் வைத்தாள், அவ்வளவுதான். கம்பைலர் டிசைன் என்ற பாடத்தில் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை அரியர் விழுந்திருந்தது.

ஊருக்கு வந்தால் பள்ளித்தோழி நஜீபா பார்க்க வருவாள். நஜீபா பி.காம் முடித்து, நிக்காஹ் முடித்து, இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். இன்னும் படிக்கிறியாடி என்று கேட்பாள். அதில் குத்தல் ஒன்றும் இருக்காது, அக்கறையாகத்தான் கேட்பாள். ஆமாடி என்பாள் ஆஃப்ரின். பேச்சு பிள்ளைகளின் சளிக்குத் திரும்பிவிடும்.

ஐந்தாம் வருடம் முடிந்த கோடையில், 2025 மே மாதம், காரைக்காலில் தேவிகா என்ற வக்கீலிடம் இன்டர்ன்ஷிப்புக்குச் சேர்ந்தாள். உடன் படித்தவர்கள் பெங்களூரு, ஹைதராபாத் என்று பெரிய கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள். அவள் விண்ணப்பித்த ஏழு இடங்களில் ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை.

தேவிகா வரிச்சிக்குடிக்காரர். நெல் விவசாயக் குடும்பம், நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார். ஆஃப்ரின் தன் படிப்பைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தமிழ் டைப்பிங் வருமா என்று மட்டும் கேட்டார். கோடை விடுமுறையில் கோர்ட் மூடியிருந்ததால் ஆபீஸில் எல்லாம் காகித வேலைதான். மூன்று வாரம் ஆஃப்ரின் பழைய கட்டுகளுக்குப் பக்க எண் போட்டாள்.

நான்காம் வாரம் பூவாயி வந்தார்.

பூவாயி காரைக்கால்மேட்டுக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். அவருடைய வழக்கை தேவிகா சுருக்கமாகச் சொன்னார். 2023 நவம்பரில், மழைக்காலத்தில், ஒரு ஃபைபர் போட் கடலில் கவிழ்ந்தது. இரண்டு பேருடைய உடல் கரை ஒதுங்கியது. மூன்றாவதாகப் போனவர் பூவாயியின் கணவர் கதிரவன். அவர் உடல் கிடைக்கவில்லை. வழக்கமாக அந்தப் போட்டில் போகிற நிலவன் என்பவருக்கு அன்று காய்ச்சல், அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் கதிரவன் ஏறியிருக்கிறார். கடலுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. இரண்டே பேர்தான் போனார்கள், கதிரவன் என் போட்டில் ஏறவே இல்லை, அன்று நான் கரையிலேயே இல்லை, வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன் என்று போட் ஓனர் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டியலில் இல்லாத ஆளை அனுப்பியது தெரிந்தால் அவருக்குச் சிக்கல். நிலவன் கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். ஊரில் எல்லாருக்கும் உண்மை தெரியும், எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

உடல் இல்லாவிட்டால் சட்டம் ஏழு வருடம் காத்திருக்கச் சொல்கிறது. அதற்கு முன்னால் இறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் நிரூபிக்க வேண்டும். பத்தாவது படிக்கும் மகளின் படிவங்களில் தகப்பனார் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பூவாயிக்கு ஒவ்வொரு தடவையும் குழப்பம். விதவை என்றும் யாரும் எழுதிக்கொள்ள விடுவதில்லை.

கையில் இருந்த ஒரே சாட்சி, கதிரவன் அன்று விடியற்காலையில் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல். பதினொரு நொடி. "பூவு, நிலவனுக்குக் காய்ச்சலாம், அவனுக்குப் பதிலா நான் போட்ல ஏறிட்டேன். நாளைக்கு வந்துடுவேன். கேஸ் சிலிண்டர் புக் பண்ணிடு." தேவிகாவின் குமாஸ்தா அந்தக் குரலை ஒலிக்கவிட்டு, இன்னொரு போனில் பதிவு செய்து, சிடியில் போட்டுத் தாக்கல் செய்திருந்தார். எதிர்த்தரப்பான ஓனரின் வக்கீல் அது மூலப்பதிவு இல்லை என்று ஆட்சேபித்தார். அப்படியானால் அந்தப் போனையே கோர்ட்டில் ஒப்படைக்கலாமே என்று நீதிபதி கேட்டிருக்கிறார்.

பூவாயி ஒப்படைக்கமாட்டேன் என்றுவிட்டார். அன்று தேவிகா மறுபடியும் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

"அதுல இருக்கற வரைக்கும்தான் அவரு பேசுறாருங்க. அத வாங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டா நான் என்ன செய்வேன்?"

தேவிகா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆஃப்ரின் பக்க எண் போட்டுக்கொண்டிருந்த கட்டை மூடினாள். புதிய சாட்சியச் சட்டத்தின் அறுபத்து மூன்றாம் பிரிவை அவள் முந்தைய வருடம் அலுத்துக்கொண்டே படித்திருந்தாள். கோப்பை அப்படியே நகல் எடுத்து, கைரேகை மாதிரி அந்தக் கோப்புக்கே உரிய ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட்டு, உரியவரும் ஒரு நிபுணரும் சான்றிதழில் கையெழுத்திட்டால் நகலையே சாட்சியமாக வைக்கலாம். அந்த ஹாஷ் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அதற்கும் இரண்டு வருடம் முன்னால், வேறொரு கட்டடத்தில், வேறொரு பேராசிரியரிடம் படித்திருந்தாள். அதுவரை இரண்டும் அவளுக்குத் தேர்வுக்கான விஷயங்களாகத்தான் இருந்தன, ஒரே பொருளைப் பற்றியவை என்று இப்போதுதான் புரிந்தது.

"போனக் குடுக்க வேணாங்க்கா," என்றாள் பூவாயியிடம். "நகல் மட்டும் குடுத்தாப் போதும்."

தேவிகா நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் பூவாயி போனைக் கொண்டுவந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். திரையில் குறுக்கே விரிசல், கீழ்ப்பாதியில் தொட்டால் வேலை செய்யவில்லை. பேட்டரி உப்பிப் பின்மூடி லேசாக எழும்பியிருந்தது. எந்த நாளும் அது நின்றுபோகலாம். பஜாரில் ஒரு கடையில் சின்ன இணைப்பான் வாங்கி, போனில் மவுஸைச் செருகி, திரையைத் தொடாமலே உள்ளே போய்க் கோப்பைக் கண்டுபிடித்தாள். பெயரிலேயே தேதி இருந்தது. போனிலேயே ஒரு முறை ஹாஷ் கணக்கிட்டாள், நகலுக்கு லேப்டாப்பில் ஒரு முறை. அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. இரண்டையும் ஸ்கேல் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். ஒன்றாகவே இருந்தன.

பூவாயி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இது என்ன என்று கேட்டார். இதில் ஒரு மூச்சு குறைந்தாலும் இந்த வரிசை மொத்தமாக மாறிவிடும், மாறவில்லை என்றால் நகலும் அசலும் ஒன்றுதான் என்று ஆஃப்ரின் சொன்னாள்.

"அப்ப அவரு குரலுக்கு நம்பர் போட்டுட்டீங்களா?"

ஆமாம் என்றாள்.

அந்தப் பேச்சை எழுத்தில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. ஆஃப்ரின் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். பதினைந்தாவது தடவையோ என்னவோ, இன்ஜின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு ஆள் குரல் இருப்பது காதில் விழுந்தது. தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுகிறார். கதிரு, ஐஸ் பொட்டிய உள்ள தள்ளு.

அவள் ஹெட்போனைப் பூவாயியிடம் கொடுத்தாள். அந்தப் போனின் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. ஒன்றரை வருடமாகப் பூவாயி கேட்டுவந்தது கரகரப்பான ஒரு குரலை மட்டுமே. ஹெட்போனில் முதல் தடவை கேட்டபோது அவர் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் இருக்கும் குரலைக் கேளுங்கள் என்று ஆஃப்ரின் சொன்னாள். இரண்டு தடவை கேட்டும் பூவாயியின் காது கணவரின் குரலை விட்டு நகரவில்லை. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது ஓனரு கொரலாச்சே," என்றார். "கல்யாணத்துல இருந்தேன்னாரே."

சான்றிதழின் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து வேண்டும். ஆஃப்ரின் போட முடியாது. படிப்பு முடியவில்லை, அதோடு வழக்கு நடத்தும் ஆபீஸிலேயே இருப்பவள். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் சஃபியுல்லாவிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர், ஆனால் கோர்ட் என்றதும் பயந்தார். கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்களா என்று மூன்று தடவை கேட்டார். எல்லாம் செய்தது நீதானே, நீயே போட வேண்டியதுதானே என்றார் ஆஃப்ரினிடம்.

"நான் இன்னும் முடிக்கல சார்."

"எத்தன வருஷமாச்சு?"

"அஞ்சு."

"அஞ்சு வருஷம் படிச்ச பிள்ளயோட கையெழுத்து செல்லாதா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் பூவாயியின் போனைத் தன் கையால் தொட்டு, எல்லாவற்றையும் தானே முதலிலிருந்து செய்து பார்த்தார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் கடைசியில் விசாரணை வந்தது. ஆஃப்ரின் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூவாயி கூண்டில் ஏறி, குரல் தன் கணவருடையது என்றும் பின்னால் கேட்பது ஓனருடையது என்றும் சொன்னார். சஃபியுல்லாவின் முறை வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், இந்தக் காலத்தில் ஏஐயை வைத்து யார் குரலையும் உருவாக்க முடியுமா முடியாதா என்று கேட்டார். முடியும் என்றார் சஃபியுல்லா. அப்படியானால் இந்த நம்பர் எதை நிரூபிக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. சஃபியுல்லா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நகல் எடுத்த பிறகு கோப்பு மாறவில்லை என்பதை மட்டும்தான் இது சொல்லும், யாருடைய குரல் என்று சொல்லாது என்றார்.

அது உண்மை. ஆஃப்ரினுக்கு அது தெரியும். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டபோது இத்தனை நாள் ஓடிய ஓட்டம் ஒரு வரியில் முடிந்துவிட்டது போல இருந்தது. பூவாயி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீதிபதி பதிவை ஒலிக்கவிடச் சொன்னார். கோர்ட்டுக்குள் ஒரு ஸ்பீக்கரில் கதிரவன் பேசினார். இரண்டாம் தடவை சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்கள். கதிரு, ஐஸ் பொட்டிய உள்ள தள்ளு. அறையில் இருந்த ஓனர் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் எழுந்து வாய்தா கேட்டார்.

ஜூலையில் கல்லூரி திறந்தது. ஆஃப்ரின் பை, படுக்கை, இரண்டு துறைப் புத்தகங்களோடு பஸ் ஏறினாள். மறுபடியும் இரண்டு கட்டடம், நடுவில் வெயில். மீதிக் கதையைத் துண்டு துண்டாக தேவிகா போனில் சொன்னார். இரண்டு வாய்தாவுக்குப் பிறகு ஓனர் கூண்டில் ஏறி, கதிரவன் ஏறியது உண்மைதான், பட்டியலில் பெயர் எழுதாததால் பயந்து மறைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். நவம்பர் மூன்றாம் வாரம் தீர்ப்பு வந்தது. அன்று ஆஃப்ரினுக்குக் கம்பைலர் டிசைன் அரியர் தேர்வு. மூன்றாவது தடவை. ஹாலை விட்டு வெளியே வந்து போனை எடுத்தபோது தேவிகாவின் செய்தி இருந்தது: நம்ம பக்கம் ஆயிடுச்சு. படிக்கட்டில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கூட எழுதியவர்கள் கடைசிக் கேள்வியின் விடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து மெஸ்ஸுக்குப் போனாள்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் காரைக்கால்மேட்டுக்குப் போனாள். பூவாயி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக்கொண்டுவரச் சொல்லி மகளை அனுப்பினார். இறப்புச் சான்றிதழை உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். கதிரவனின் பெயர், தகப்பனார் பெயர், இறந்த தேதி. எல்லாம் சரியாக இருந்தன. ஆஃப்ரின் வழக்கம்போல எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டோம்னு வக்கீலம்மா சொன்னாங்க," என்றார் பூவாயி. "சரிதாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தப்பறந்தான் பாப்பா எனக்கு ஒறச்சுச்சு. இவ்வளவு நாளா அவரு எங்கயோ இருக்காருன்னு ஒரு ஓரத்துல நெனச்சுட்டு இருந்திருக்கேன். நானே கோர்ட்டுக்குப் போயி இல்லன்னு எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்."

அந்த நினைப்பை இல்லாமல் ஆக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஆஃப்ரினுக்குப் பட்டது. மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்தாள். அதுவும் பொருத்தமாகத் தோன்றவில்லை. பூவாயிக்கும் பதில் எதுவும் தேவைப்படவில்லை. மகள் டீயோடு வந்தாள். படிவத்தில் இப்போது எழுதத் தெரிகிறது, அந்த மட்டும் நிம்மதி என்று பூவாயி அவரே சொல்லிக்கொண்டார். கிளம்பும்போது ஒரு பையில் வஞ்சிரம் வைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார் என்று ஆஃப்ரின் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் உம்மா மீனைக் கழுவிக்கொண்டே அந்தம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். ஆஃப்ரின் அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸியா பீவி குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"நீ செஞ்சது தப்பில்ல புள்ள," என்றார். பிறகு, "சாப்புட்டுப் படு. மூஞ்சியே சரியில்ல" என்றார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. கம்பைலரில் ஐம்பத்தொரு மதிப்பெண், பாஸ். வாப்பா தம்மாமிலிருந்து கூப்பிட்டு, அப்ப எல்லாம் முடிஞ்சிருச்சா என்று கேட்டார். இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு வாப்பா என்றாள். சரிம்மா, சரிம்மா என்றார் அவர், பின்னால் கடையில் யாரோ ஆணி விலை கேட்டுக்கொண்டிருந்தார். தேவிகாவும் ஒரு நாள் பேசினார். படிப்பு முடிந்ததும் ஆபீஸுக்கு வருவதானால் மேஜை ஒன்று காலியாக இருக்கிறது என்றும், அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றும் சொன்னார். யோசிப்பதாக ஆஃப்ரின் சொன்னாள். யோசிக்கவில்லை. யோசிக்கிற தெம்பு அவளுக்கு அப்போது இல்லை.

ஜனவரி முதல் திங்கட்கிழமை சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காரைக்கால் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.